காது இருந்தால் மொழி வருமா? பாட்டுப் பயிற்சியும் சீனத் தொனிகளும்

#1 கொங்குத்தம்பி (சின்ச்சூ, தைவான்)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோபிப் பக்கம். இங்கே ஒரு சிப் கம்பெனியில் வேலை. அலுவலகத்தில் ஆங்கிலம் ஓடும், கடைத்தெருவில் ஓடாது. அதனால் மாலை நேர மாண்டரின் வகுப்புக்குப் போகிறேன். என் அறை நண்பனும் என்னோடுதான் சேர்ந்தான். தஞ்சாவூர்க்காரன், சின்ன வயதிலிருந்து வாய்ப்பாட்டு கற்றவன். இருவருக்கும் ஒரே டீச்சர், ஒரே புத்தகம். எழுத்து, சொற்கள், வாக்கிய அமைப்பு எதை எடுத்தாலும் நான்தான் முந்தி. ஆனால் தொனி என்று வந்துவிட்டால் அவன் எங்கேயோ போய்விடுகிறான்.

தெரியாதவர்களுக்காக: மாண்டரினில் ஒரே அசைக்கு நான்கு தொனி. முதலாவது உயரத்தில் நேராக நிற்கும். இரண்டாவது கீழிருந்து ஏறும். மூன்றாவது தாழ்ந்து குழியும். நான்காவது மேலிருந்து சடாரென்று விழும். 'தாங்' முதல் தொனியில் சூப், இரண்டாவதில் சர்க்கரை. 'மாய்' மூன்றாவதில் வாங்குவது, நான்காவதில் விற்பது. எனக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகவே கேட்கின்றன. டீச்சர் எத்தனை முறை சொன்னாலும் நான் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவனோ கேட்டவுடன் அப்படியே திருப்பிச் சொல்கிறான்.

என் கேள்வி: பாட்டு கற்றதால்தான் அவனுக்கு இது வருகிறதா? அப்படியானால் இந்த வயதில் நான் ஆன்லைனில் வாய்ப்பாட்டு வகுப்பில் சேர்ந்தால் பலன் உண்டா? சும்மா தெரிந்துகொள்ள அல்ல, மாதாமாதம் ஃபீஸ் கட்டப்போவது நான் என்பதால் கேட்கிறேன்.

#2 பினாங்கு_மணி

தம்பி, காசை மிச்சம் பண்ணு. நான் பிறந்து வளர்ந்தது பினாங்கில். ஹொக்கியன் என்ற சீன மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாட்டு என்றால் மனைவி கதவைச் சாத்திக்கொள்ளும் ரகம். ஹொக்கியனில் தொனிகள் மாண்டரினைவிட அதிகம். போதாக்குறைக்கு ஒரு சொல் தனியாக நிற்கும்போது ஒரு தொனி, பேச்சின் நடுவே வந்தால் வேறு தொனி. இதையெல்லாம் எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த தவுக்கே (முதலாளி) திட்டித் திட்டியே காதில் ஏற்றிவிட்டார் லா. அவருக்கும் பாட வராது.

#3 வீணைக்காரி

மணி சார், நீங்கள் நடக்கப் பழகும் வயதில் அந்த ஒலிகளுக்கு நடுவே இருந்தவர். தம்பி பெரியவனான பிறகு போயிருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

நான் வீணையும் வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுப்பவள். மாண்டரின் தெரியாது, ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு இணையத்தில் அந்த நான்கு தொனிகளையும் கேட்டேன். உங்கள் நண்பருக்கு எது கைகொடுக்கிறது என்று எனக்கு ஓரளவு புரிகிறது.

தொனி என்றதும் ச, ரி, க போல ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தானம் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அங்கே ஒன்றரைக் கட்டையில் பேசும் தாழ்ந்த குரல் ஆணும் ஐந்து கட்டையில் பேசும் உயர்ந்த குரல் பெண்ணும் ஒரே தொனியைத்தான் சொல்கிறார்கள். காது அவரவர் குரலுக்குள் எது மேல், எது கீழ் என்று பிரித்துக்கொள்கிறது. நம் ஷட்ஜமும் (ச) அப்படித்தானே, பாடுகிறவர் குரலுக்கு ஏற்றபடி நகரும். அப்புறம், மூன்று தொனிகளில் விஷயமே நகர்வுதான். இரண்டாவது தொனியைக் கேட்டவுடன் எனக்கு ஏற்ற ஜாரு (மேலே வழுக்கிப் போவது) என்றுதான் தோன்றியது, நான்காவது இறக்க ஜாரு. கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைக்கு ஆரம்பத்திலிருந்தே பழக்குவது இதைத்தான்: ஸ்வரம் எங்கே இருக்கிறது என்பதோடு அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தாய் என்பதையும் கவனி. தோடி ராகத்தின் காந்தாரத்தை (க) அசைக்காமல் நேராகப் பிடித்தால் அது தோடியாக இருக்காது. அந்தக் காதுக்கு ஒரு அசைக்குள் நடக்கும் ஏற்ற இறக்கம் புதிதல்ல.

ஒரு யோசனை. உங்கள் டீச்சர் சொல்வதைப் பதிவு செய்து, பாதி வேகத்தில் ஓடவிட்டு, வாயை மூடிக்கொண்டு வெறும் முனகலாகத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். மெய்யெழுத்துகள் போய்விட்டால் வளைவு மட்டும் மிஞ்சும். என்னிடம் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) பிடிபடாத பிள்ளைகளுக்கு நான் செய்வது இதுதான்.

#4 காதொலி

நான் செவித்திறன் பரிசோதனை செய்யும் ஆடியாலஜிஸ்ட். இந்தக் கேள்வியை எங்கள் துறையில் கால் நூற்றாண்டாகப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வீணைக்காரி அக்கா சொன்னதற்குப் பக்கத்தில் வரும் ஆய்வு ஒன்று 2007இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பேட்ரிக் வோங், நினா கிராஸ் குழு. மாண்டரின் ஒரு சொல்கூடத் தெரியாத அமெரிக்கர்களை உட்காரவைத்து, ஒரு சினிமாவைப் போட்டுவிட்டு, காதில் 'மீ' என்ற அசையைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டார்கள். முதல் தொனியில் அது கண்ணைச் சுருக்குவது, இரண்டாவதில் குழம்புவது, மூன்றாவதில் அரிசி. தலையில் ஒட்டிய மின்முனைகள் மூளைத்தண்டிலிருந்து வரும் மின்னலையைப் பதிவு செய்யும். அந்த அலை கேட்ட ஒலியின் ஏற்ற இறக்கத்தையே பின்தொடர்ந்து போகும் என்பதுதான் இதில் விசேஷம். பல வருடம் வாத்தியம் வாசித்தவர்களிடம் அந்தத் தடம் துல்லியமாக இருந்தது. குறிப்பாக மூன்றாவது தொனியில், நம் தம்பி தடுமாறும் அதே தொனியில்.

இன்னொன்று, ஸ்லெவ்க், மியாகே இருவரும் 2006இல் வெளியிட்டது. அமெரிக்காவுக்குக் குடிபோய் ஆங்கிலம் கற்ற 50 ஜப்பானியர்கள். இசைக் காது நன்றாக இருந்தவர்கள் ஆங்கில உச்சரிப்பிலும் ஒலிகளைப் பிரித்தறிவதிலும் முன்னே இருந்தார்கள். ஆனால் இலக்கணத்திலும் சொல்வளத்திலும் இசைக்குச் சம்பந்தமே தெரியவில்லை. தம்பி எழுதியிருப்பதும் அப்படியே இருக்கிறது பாருங்கள்: புத்தகத்தில் அவர் முந்தி, ஒலியில் நண்பர் முந்தி.

#5 சந்தேகப்பிராணி

வந்துட்டேன்.

2007 ஆய்வில் எத்தனை பேர்? வாசிக்கத் தெரிந்தவர்கள் பத்து, தெரியாதவர்கள் பத்து. அவ்வளவுதான். பத்துப் பேரை வைத்துக்கொண்டு 'சங்கீதம் மூளைத்தண்டைச் செதுக்குகிறது' என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி போட்டார்கள். பிள்ளையை கீபோர்டு வகுப்பில் சேர்க்க விளம்பரம் செய்பவர்கள் இன்றுவரை அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

2025இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆக்ஸன்ஹாம் உள்ளிட்ட ஆறு ஆய்வகத்தினர் சேர்ந்து, இப்படித்தான் அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துவிட்டு, 260க்கும் மேற்பட்டவர்களிடம் அளந்தார்கள். இசைப் பயிற்சிக்கும் இந்த ஆரம்பகட்டச் செவிப்பதிவின் துல்லியத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. பத்தில் தெரிந்தது இருநூறு சொச்சத்தில் காணாமல் போனால் நான் எதை நம்புவது?

அடுத்தது, கோழியா முட்டையா. நல்ல காதோடு பிறந்த பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு இனிக்கும், வருடக்கணக்கில் தொடரும். காது மந்தமான பிள்ளை சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடத்திலேயே நின்றுவிடும். இருபது வருடம் கழித்து இரண்டு பேரையும் அளந்துவிட்டுப் பாட்டுதான் காதைக் கொடுத்தது என்றால் எப்படி? ஸ்வீடனில் மொசிங் குழு 2014இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையரை வைத்துப் பார்த்தது. ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரில் ஒருவர் ஆயிரக்கணக்கான மணி நேரம் கூடுதலாகச் சாதகம் செய்திருந்தாலும், ஸ்வரத்தையும் தாளத்தையும் பிரித்தறியும் சோதனையில் இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தார்கள்.

#6 வீணைக்காரி

இரட்டையர் ஆய்வு பிரித்தறிவதைப் பற்றியது, வாசிப்பதைப் பற்றியது அல்ல. சாதகம் செய்யாத இரட்டையரைக் கூப்பிட்டு ஒரு வர்ணம் வாசிக்கச் சொல்லுங்களேன், நானும் கேட்கிறேன்.

#7 சந்தேகப்பிராணி

அக்கா, தம்பி கேட்டது பிரித்தறிவதைப் பற்றித்தானே.

#8 யாழ்_நிலா (றொறன்ரோ)

நான் இங்கே வார இறுதியில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் கனடாவில் பிறந்தவர்கள். பாதிப் பேர் சங்கீத வகுப்புக்கும் போகிறார்கள். அங்கே கண்டதை எழுதுகிறேன், அது உங்கள் விவாதத்துக்கு எந்தப் பக்கம் உதவும் என்று நீங்களே பாருங்கோ.

பாடும் பிள்ளைகள் மேடையில் தேவாரம் பாடும்போது ழகரமும் ளகரமும் சுத்தமாக விழும். சபையில் இருக்கிற அம்மம்மாமார் கண்ணீர் விடுவார்கள். இறங்கி வந்து என்னோடு கதைக்கும்போது 'பள்ளி', 'பல்லி' இரண்டும் ஒன்றுதான். சொல்வதெழுதுதல் வைத்தால் பாடுகிற பிள்ளைக்கும் பாடாத பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பாட்டில் அந்த ஒலியைக் குரு சொன்னபடி நாக்கு செய்துவிடுகிறது. ஆனால் ல, ள மாறினால் பொருள் மாறும் என்ற கணக்கு பிள்ளையின் மண்டைக்குள் ஏறவில்லை. குறில் நெடிலில் மட்டும் பாடுகிற பிள்ளைகள் கொஞ்சம் திறம். 'படம்', 'பாடம்' அவர்களுக்கு அவ்வளவு குழம்புவதில்லை. அது நீளம் சம்பந்தப்பட்டது என்பதால் இருக்கலாம்.

#9 பினாங்கு_மணி

இது நல்ல விஷயம் தங்கச்சி. பாட்டில் வருவதெல்லாம் பேச்சில் வராது. அதற்கு இங்கே இன்னொரு வேடிக்கை இருக்கிறது. கேண்டனீஸ் என்ற சீன மொழியில் பாட்டு எழுதுபவர்கள் மெட்டின் ஏற்ற இறக்கத்துக்குப் பொருந்தும் தொனியுள்ள சொல்லாகத் தேடித் தேடிப் போடுவார்கள். இல்லாவிட்டால் கேட்பவர்களுக்கு வேறு சொல்லாகக் கேட்டுச் சிரிப்பு வந்துவிடும். மாண்டரின் பாட்டில் அந்தக் கட்டுப்பாடு அவ்வளவாகக் கிடையாது. மெட்டு தொனியை விழுங்கிவிடும், சனங்கள் இடம் பொருள் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அதனால் மாண்டரின் சினிமாப் பாட்டு கேட்டே தொனி கற்கிறேன் என்று தம்பி கிளம்பிவிட வேண்டாம். கரோக்கியில் கைதட்டு வாங்கலாம், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பேரம் பேச முடியாது.

#10 காதொலி

நிலா சொன்ன குறில் நெடில் விஷயத்தில்தான் எனக்கு ஆர்வம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'இசைக் காது' என்று ஒரே பையில் போட்டுக் கட்டுவதால் பாதிக் குழப்பம் வருகிறது. பேச்சொலியில் குறைந்தது இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, சுருதி மேலே கீழே போவதைக் கவனிப்பது. இன்னொன்று, நேரத்தைக் கவனிப்பது: எது நீண்டது, எது வெட்டப்பட்டது, உதடு திறந்து எவ்வளவு நேரம் கழித்துக் குரல் நாண் அதிரத் தொடங்கியது. இந்த இரண்டாவது கணக்கெல்லாம் மில்லிசெகண்டில் ஓடும்.

2020இல் அல்பூயி, ஜட்டோரே குழு மான்ட்ரியலில் செய்தது எனக்குப் பிடித்த சோதனை. பத்து வாக்கியங்களைப் பத்து மெட்டுகளில் பாடவைத்து, வாத்தியம் இல்லாத நூறு குட்டிப் பாடல்களைத் தயாரித்தார்கள். பிறகு ஒலியை இரண்டு விதமாகக் கெடுத்தார்கள். நேர விவரத்தை மங்கவைத்தபோது சொற்கள் போயின, மெட்டு நின்றது. அலைவரிசை விவரத்தை மங்கவைத்தபோது மெட்டு போனது, சொற்கள் நின்றன. மூளையில் சொல்லுக்கு இடப்பக்கச் செவிப்பகுதியும் மெட்டுக்கு வலப்பக்கமும் கூடுதலாக வேலை செய்தன.

இதையே நாங்கள் தினமும் நேரில் பார்க்கிறோம். காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை சிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் செவிக்கருவி) பொருத்திய பிள்ளைகளுக்குக் கிடைப்பது இருபது சொச்சம் மின்முனைகள் வழியாக வரும் கரடுமுரடான ஒலி. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகள் நிறையப் பேர். போதிய பயிற்சிக்குப் பிறகு அமைதியான அறையில் நன்றாகப் பேசுவார்கள், கதை சொல்வார்கள். ஒரு பாட்டின் மெட்டை மட்டும் வாசித்துக் காட்டி எந்தப் பாட்டு என்று கேட்டால் விழிப்பார்கள். கூடவே தாளத்தைத் தட்டினால் சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள். பேச்சுக்கு அவ்வளவு விவரம் தேவையில்லை என்பதை ஷானன் குழு 1995லேயே காட்டியது. அலைவரிசையை வெறும் நான்கு பட்டைகளாகக் குறுக்கினாலும் அமைதியில் வாக்கியம் புரிந்தது. அதே கருவியோடு சீனாவில் வளரும் பிள்ளை தொனியில் திணறுகிறது, ஏனென்றால் அங்கே சுருதி இல்லாமல் சொல்லே முழுமையாகாது.

அதனால் 'சங்கீதம் மொழிக்கு உதவுமா' என்று மொத்தமாகக் கேட்காமல், எந்த ஒலி வேறுபாட்டுக்கு எந்தத் திறமை என்று பிரித்துக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஸ்வாதி சுவாமிநாதனும் ஷெல்லன்பெர்க்கும் 2017இல் கனடாவில் ஆங்கிலம் பேசுபவர்களுக்கு ஜூலு மொழியின் ஒலி ஜோடிகளைப் போட்டுக் காட்டினார்கள். அவற்றைப் பிரித்தறிவதில் இசைத் திறன் உள்ளவர்கள் முன்னே இருந்தார்கள். அதிலும் மெட்டைவிடத் தாளத் திறன்தான் அதிகம் பேசியது. எத்தனை வருடம் வகுப்புக்குப் போனார்கள் என்பது அவ்வளவாகப் பேசவில்லை. சந்தேகப்பிராணி சாருக்கு இது இனிக்கும்.

#11 சந்தேகப்பிராணி

இனிக்கிறது. இதைத்தான் நானும் கத்திக்கொண்டிருக்கிறேன். திறமை வேறு, பயிற்சி வேறு.

#12 கொங்குத்தம்பி

காதொலி அக்கா எழுதியதைப் படித்தவுடன் ஒன்று பொறி தட்டியது. மாண்டரினில் தொனி ஒரு பக்கம் என்றால், மெய்யெழுத்தில் காற்று இன்னொரு பக்கம். மூன்றாம் தொனியில் 'பாவ்' என்று காற்று விடாமல் சொன்னால் வயிறு நிறைந்தது, காற்றோடு சொன்னால் ஓடுவது என்ற பொருளில் வேறு சொல். இங்கே என் நண்பன்தான் திணறுகிறான், எனக்கு அது பளிச்சென்று கேட்கிறது! நான் ஊரில் மாரியம்மன் பண்டிகைக்கு ஜமாப் மேளம் அடித்தவன். அவனுக்கு மெட்டு, எனக்குத் தாளம். அப்படி எடுத்துக்கொள்ளலாமா?

#13 சந்தேகப்பிராணி

இரண்டு பேரை வைத்துக் கோட்பாடு கட்ட வேண்டாம் தம்பி. ஒரே ஒரு கேள்வி: உங்களுக்கு இந்தி தெரியுமா?

#14 கொங்குத்தம்பி

தெரியும். தைவானுக்கு வருவதற்கு முன் புனேயில் சில வருடம் இருந்தேன். அவனுக்குத் தெரியாது.

#15 சந்தேகப்பிராணி

முடிந்தது கதை. இந்தியில் காற்று விடும் பகரமும் விடாத பகரமும் தனித்தனி எழுத்து. உங்கள் காது புனேயிலேயே பழகிவிட்டது. ஜமாபைக் குறை சொல்லவில்லை, நன்றாக அடியுங்கள்.

#16 பினாங்கு_மணி

ஹாஹா. பாவம் தம்பி, கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்திருக்க விட்டிருக்கலாம்.

#17 பழைய_வாசகன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இசையும் மொழியும் மூளையில் ஒரே இடமா, வேறு வேறா என்ற கேள்விக்கு ருசியாவிலிருந்து ஒரு வாழ்க்கையே சாட்சியாக இருக்கிறது. விஸ்ஸாரியோன் ஷெபாலின் என்ற இசையமைப்பாளர், மாஸ்கோ இசைக் கல்லூரியில் பேராசிரியர். 1953இல் ஒரு பக்கவாதம், 1959இல் இன்னொன்று. இரண்டாவதற்குப் பிறகு பேச்சு ஏறக்குறையப் போய்விட்டது. பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதும் பெரும்பாடு. அந்த நிலையிலேயே தன் மாணவர்களின் படைப்புகளைக் கேட்டுத் திருத்தினார், ஐந்தாவது சிம்பொனியை எழுதி முடித்தார், 1963இல் காலமானார். அவரைப் பரிசோதித்த லூரியா குழு 1965இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. பேச்சு இடிந்து விழுந்த பிறகும் இசை அப்படியே நின்றிருக்கிறது.

#18 வீணைக்காரி

இது எனக்குத் தெரியாது. நன்றி சார். படித்துவிட்டு வீணையை எடுக்கவே தோன்றவில்லை, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

#19 காதொலி

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிறவியிலேயே மெட்டு பிடிபடாதவர்கள் இருக்கிறார்கள். அமூசியா என்போம். காது நன்றாகக் கேட்கும், புத்தி கூர்மையாக இருக்கும், தாய்மொழியில் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் தேசிய கீதத்தை அபஸ்வரமாக வாசித்தாலும் கண்டுபிடிக்கமாட்டார்கள். மான்ட்ரியலில் இசபெல் பெரெட்ஸ் இவர்களை வருடக்கணக்காக ஆராய்ந்தார். முன்பு நூற்றுக்கு நான்கு பேர் என்று சொல்லிவந்தார்கள், 2017இல் பெரெட்ஸே வுவானோடு சேர்ந்து அதை ஒன்றரையாகக் குறைத்தார். மணி அண்ணன் பயப்பட வேண்டாம், மோசமாகப் பாடுகிறவர் எல்லாம் இதில் வரமாட்டார்கள்.

ஆனால் முழுக்கப் பிரித்துவிடவும் முடியாது. மாண்டரின் பேசும் அமூசியாக்காரர்களை நான், சுன், பெரெட்ஸ் மூவரும் 2010இல் சோதித்தபோது (முதல் பெயர் 'நான்' என்ற சீன ஆய்வாளர், நான் இல்லை), அவர்களில் ஒரு சிலருக்குத் தங்கள் தாய்மொழித் தொனிகளையே தனியாகப் போட்டுக் காட்டினால் பிரிக்க வரவில்லை. அதே ஆட்கள் வாயால் சொல்லும்போது தொனி சரியாக விழுந்தது. ஆக, இடம் ஓரளவு வேறு, பாதை ஓரளவு பொது.

#20 வீணைக்காரி

சந்தேகப்பிராணி சார், பயிற்சியால் எதுவுமே ஆகாது என்பதுபோல எழுதுகிறீர்கள். பிரான்ஸில் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுக்கு என்ன சொல்கிறீர்கள்? அதில் காது உள்ளவர்கள் பாட்டுக்குப் போனார்கள் என்று தப்பிக்க முடியாது, எந்தப் பிள்ளை எங்கே என்று அவர்களே பிரித்துவிட்டார்கள்.

#21 சந்தேகப்பிராணி

தெரியும். பிரான்சுவா, பெசோன் குழு, 2013. எட்டு வயதுப் பிள்ளைகள், ஒரு கூட்டத்துக்குப் பாட்டு, ஒரு கூட்டத்துக்கு ஓவியம், இரண்டு வருடம். பிறகு இடைவெளியே இல்லாமல் ஓடும் அர்த்தமற்ற அசைகளைப் பாட்டாகக் கேட்கவைத்து, எங்கே ஒரு சொல் முடிகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பாட்டுப் பிள்ளைகள் முன்னேறினார்கள், ஓவியப் பிள்ளைகள் குருட்டாம்போக்கிலேயே நின்றார்கள். நல்ல ஆய்வுதான், மறுக்கவில்லை. சின்னக் கூட்டம் என்பது மட்டும் என் குறை.

பெய்ஜிங்கில் 2018இல் வந்த ஆய்வையும் நானே உங்களுக்கு எடுத்துத் தருகிறேன். 74 மழலையர் பள்ளிப் பிள்ளைகள், ஆறு மாதம், ஒரு பகுதிக்குப் பியானோ, ஒரு பகுதிக்கு வாசிப்பு, ஒரு பகுதிக்கு எதுவும் இல்லை. மெய்யெழுத்தை வைத்துச் சொல்லைப் பிரித்தறிவதில் பியானோப் பிள்ளைகள் முந்தினார்கள். அறிவுத்திறன் சோதனையில் மூன்று பகுதிக்கும் வித்தியாசம் இல்லை. இந்தக் கடைசி வரியை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை.

பிள்ளைகளுக்கு இருக்கலாம். முப்பது தாண்டிய ஐடி, சிப் கம்பெனி ஆசாமிகளுக்கு ஆறு மாத ஆன்லைன் சரளி வரிசை தொனியைக் கொண்டுவரும் என்பதற்கு எனக்கு ஆதாரம் காட்டுங்கள்.

#22 மட்டுறுத்துநர்

விவாதம் நன்றாகப் போகிறது. தனிநபர் கிண்டலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும். கீபோர்டு வகுப்பு விளம்பரம் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

#23 யாழ்_நிலா

எல்லோரும் இசையிலிருந்து மொழிக்கு வாற பாதையையே பார்க்கிறீர்கள். எதிர்ப்பக்கமும் உண்டுதானே? தொனி மொழி பேசிக்கொண்டு வளர்ந்தால் இசைக் காது கூர்மையாகுமா? இங்கே என்னோடு வேலை செய்யும் சீனப் பிள்ளைகள் எதையும் ஒரு தடவை கேட்டுவிட்டு வாசிக்கிறார்கள்.

#24 காதொலி

உண்டு. டயானா டாய்ச் குழு 2006இல் பெய்ஜிங் மத்திய இசைக் கல்லூரி மாணவர்களையும் நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளி மாணவர்களையும் ஒப்பிட்டது. ஒரு ஸ்வரத்தைத் துணை ஸ்வரம் இல்லாமல் கேட்டவுடன் பெயர் சொல்லும் திறமைக்கான சோதனை. நான்கைந்து வயதில் இசை தொடங்கியவர்களில் பெய்ஜிங்கில் சுமார் 60 சதவீதம் பேருக்கு அது இருந்தது, ஈஸ்ட்மனில் சுமார் 14 சதவீதம். மொழி காரணமா, மரபணு காரணமா, அங்கே சொல்லிக்கொடுக்கும் முறை காரணமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

2023இல் இதைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. இணையம் வழியாக 54 மொழிகள், கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர். தொனி மொழிக்காரர்கள் மெட்டைப் பிரித்தறிவதில் முந்தினார்கள், தாளத்தோடு ஒட்டிப்போவதைக் கண்டுபிடிப்பதில் கொஞ்சம் பின்தங்கினார்கள். தமிழ் போன்ற மொழிக்காரர்களுக்கு மெட்டில் அந்தச் சலுகை இல்லை.

#25 வீணைக்காரி

தாளத்தில் அவர்கள் பின்தங்கினால் நமக்கு அங்கே இடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். சந்தேகப்பிராணி சார் வருவதற்குள் ஓடிவிடுகிறேன்.

#26 காதொலி

தம்பியின் ஃபீஸ் கேள்விக்கு வருகிறேன். ஆதாரம் கேட்டார்களே, பெரியவர்களுக்குத் தொனியை நேரடியாகப் பழக்கிய ஆய்வு இருக்கிறது. 1999இல் வாங், ஸ்பென்ஸ், ஜாங்மன், செரெனோ. மாண்டரின் கற்கும் அமெரிக்கர்கள், இரண்டு வாரத்தில் எட்டு அமர்வு. தொனி மட்டும் வேறுபடும் சொல் ஜோடிகளைப் பலருடைய குரலில் கேட்கவைத்து, ஒவ்வொரு விடைக்கும் உடனே சரி, தவறு சொன்னார்கள். கண்டுபிடிக்கும் திறன் 21 சதவீதம் கூடியது. பயிற்சியில் கேட்காத புதிய குரல்களிலும் அது வேலை செய்தது, ஆறு மாதம் கழித்தும் நின்றது.

உங்கள் சிக்கலில் பாதி ஒரே டீச்சர் குரலையே கேட்பதால் இருக்கலாம். ஆண், பெண், கிழவர், சிறுமி என்று பல குரல் வேண்டும். இன்னொன்று, மூன்றாவது தொனி புத்தகத்தில் படம் போட்டிருப்பதுபோல் இறங்கி ஏறுவது தனியாகச் சொன்னால்தான். பேச்சில் அது பெரும்பாலும் தாழ்ந்தே முடிந்துவிடும். மூன்றாம் தொனி அசைகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னால் நிற்பது இரண்டாம் தொனியாகவே மாறிவிடும், 'நீ ஹாவ்' என்ற வணக்கத்தில் நடப்பது அதுதான். நீங்கள் கடைசியில் ஏறுகிறதா என்று காத்திருந்தால் ஏமாறுவீர்கள். தாழ்வாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

#27 கொங்குத்தம்பி

தாழ்வாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னது நல்ல உதவி. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் வகுப்பில் எப்போதும் கையை இறக்கி ஏற்றித்தான் காட்டுகிறார்கள். ஜோடிப் பயிற்சிக்கான ஆப் ஒன்றை இறக்கியிருக்கிறேன், அதில் ஆறேழு பேர் குரல் வருகிறது. வீணைக்காரி அக்கா சொன்ன முனகலையும் செய்து பார்த்தேன், அறை நண்பன் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று வந்து எட்டிப் பார்த்தான். பாட்டு வகுப்பு இப்போதைக்கு வேண்டாம். எப்போதாவது பாட ஆசை வந்தால் அக்காவிடமே கேட்கிறேன்.

#28 வீணைக்காரி

வாங்க. மாண்டரினுக்காக வந்தால் சேர்த்துக்கொள்ளமாட்டேன், தோடிக்காக வந்தால் சரி.

#29 மதுரைமல்லி

இழை முழுக்கப் படித்தேன். ஒரு கிளைக் கேள்வி. அப்பாவுக்கு எழுபதை நெருங்குகிறது. வீட்டில் பேசினால் கேட்கிறது, கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் 'என்ன, என்ன' என்கிறார். வாத்தியம் கற்றவர்களுக்கு இரைச்சலில் பேச்சு நன்றாகக் கேட்கும் என்று எங்கோ படித்தேன். கீபோர்டு வாங்கிக் கொடுக்கலாமா?

#30 சந்தேகப்பிராணி

நீங்கள் படித்தது 2009இல் நினா கிராஸ் ஆய்வகத்தில் வந்ததாக இருக்கும், முப்பது சொச்சம் பேர். அதன் பிறகு 2014, 2015, 2019 ஆண்டுகளில் வெவ்வேறு குழுக்கள் செய்து பார்த்ததில் வாசிப்பவர்களுக்கும் வாசிக்காதவர்களுக்கும் இரைச்சலில் பேச்சு கேட்பதில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை.

#31 காதொலி

அவர் சொல்வது சரிதான். முதியவர்களுக்கு மட்டும் 2019இல் றொறன்ரோவில் ஒரு நம்பிக்கையான முடிவு வந்தது. செவித்திறன் குறைந்து வந்த முதியவர்கள் பத்து வாரம் சேர்ந்திசைக் குழுவில் பாடியபின் இரைச்சலில் பேச்சைக் கேட்பதில் முன்னேறினார்கள். அதை மட்டும் நம்பி வாத்தியம் வாங்க நான் சொல்லமாட்டேன்.

முதலில் அப்பாவை அழைத்துப்போய் ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும், அதை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். வயதானால் உயர் அலைவரிசை முதலில் போகும். ச, ஸ, த போன்ற ஒலிகள் அங்கேதான் அடிபடும், அமைதியில் சமாளித்துவிட்டு மண்டபத்தில் கோட்டை விடுவார்கள். வெறும் பீப் ஒலிச் சோதனையோடு நிறுத்தாமல், இரைச்சலில் பேச்சு கேட்கும் சோதனையும் உண்டா என்று கேளுங்கள். பின்னணியில் நாலைந்து பேர் சளசளவென்று பேசும் சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். கல்யாண மண்டபத்துக்கு நெருக்கமான சோதனை அதுதான். செவிக்கருவி தேவை என்று வந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

கீபோர்டு அவர் ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள்.

#32 மதுரைமல்லி

அவர் ஆசைப்படுவது புல்லாங்குழலுக்கு. திங்கட்கிழமை முதலில் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன். நன்றி அக்கா.